தேவாரம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்கலாமா?

#1 மிழலைநாடன்

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். பகலில் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு வீட்டுத் திண்ணையில் பதினாலு பிள்ளைகளுக்குத் தேவாரம். பதினோரு வருஷமாக நடக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஓதுவார் ஒரு பைசா வாங்கினதில்லை, நானும் வாங்கினதில்லை. வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைக்காய், பொங்கலுக்கு வேட்டி என்று யாராவது கொண்டுவந்து வைத்தால் உண்டு.

போன மாசம் ஊர்க்காரத் தம்பி ஒருவர் துபாயிலிருந்து பேசினார். அங்கே எட்டுக் குடும்பம் சேர்ந்திருக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு வீடியோவில் பண்ணோடு சொல்லித்தர முடியுமா, மாசம் எவ்வளவு என்று கேட்டார். "காசெல்லாம் வேணாம் தம்பி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சும்மா சொல்லிக்கொடுத்தால் உங்களிடம் நேரம் கேட்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்றார்.

போனை வைத்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். ஜூன் மாசம் பெண்ணின் பள்ளிக்கூடப் பணத்துக்காக அவள் சங்கிலியை அடகு வைத்தோம், இன்னும் மீட்கவில்லை. அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. "வீழிமிழலையில சாமியே காசு குடுத்தாரு. நீங்க வாங்க மாட்டேங்கறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஞானம் கொடுக்கிற இடத்தில் பொருளைக் கொண்டுவந்து வைக்கலாமா? நம் பெரியவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? படித்தவர்கள் சொல்லுங்கள். மனசார கேட்கிறேன்.

#2 கடைவழி

வாங்காதீர்கள் ஐயா. பதினோரு வருஷம் காத்ததை எட்டுக் குடும்பத்துக்காக விடாதீர்கள்.

மனுஸ்மிருதி மூன்றாம் அத்தியாயத்தில் சிராத்தத்துக்கு அழைக்கக்கூடாதவர்கள் பட்டியல் வரும். அதில் கூலி வாங்கிக்கொண்டு வேதம் சொல்லிக்கொடுப்பவன் இருக்கிறான், கூலி கொடுத்துப் படித்தவனும் இருக்கிறான். காளிதாசன் மாளவிகாக்னிமித்திரம் நாடகத்தின் முதல் அங்கத்தில் எழுதியது இன்னும் கூர்மையானது. எவனுடைய கல்வி பிழைப்புக்கு மட்டுமே ஆகிறதோ அவனை ஞானத்தைச் சரக்காக வைத்திருக்கும் வணிகன் என்பார்கள் என்கிறான்.

மைத்ரேயியை நினைத்துப் பாருங்கள். அவள் கணவர், உபநிஷத்து ரிஷி யாக்ஞவல்க்கியர், துறவு கொள்ளுமுன் இரண்டு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துத் தர வருகிறார். இந்தப் பூமி முழுவதும் செல்வத்தால் நிறைந்து எனக்கே ஆனாலும் நான் சாவாமை பெறுவேனா என்று அவள் கேட்கிறாள். செல்வத்தால் அதற்கு ஆசையே வைக்க முடியாது என்கிறார் அவர். அப்படியானால் அதை வைத்து நான் என்ன செய்வேன் என்கிறாள். பட்டினத்தார் பெரிய வணிகர். காதற்ற ஊசி என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் பாட்டு வகுப்பைக் கட்டணத்தில் ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் எந்தப் பிள்ளை எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்து முன்வரிசையில் உட்கார வைக்கிற நிலைக்கு வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பணம் உள்ளே வந்தால் அதன் வேலையைச் செய்யும். அந்த பயத்தில்தான் சொல்கிறேன்.

#3 புதுமாணவன்

எனக்கும் ஒரு சந்தேகம். "இருவேறு உலகத்து இயற்கை திருவேறு தெள்ளிய ராதலும் வேறு" என்று குறள் இருக்கிறதே. செல்வம் வேறு, தெளிவு வேறு, இரண்டும் ஒரே இடத்தில் சேராது என்றுதானே அர்த்தம்? அப்புறம் இந்த விவாதம் எதற்கு?

#4 வெண்ணாற்றங்கரை

தம்பி, அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 374, ஊழ். உலகத்தில் நடப்பது இப்படி இருக்கிறது என்கிறார், இப்படி இருக்கட்டும் என்று சொல்லவில்லை. அதே வள்ளுவர்தான் பொருளுக்கு எழுபது அதிகாரம் ஒதுக்கினார். அறத்துக்கு முப்பத்தெட்டு, இன்பத்துக்கு இருபத்தைந்து. "பொருள் செயல்வகை" என்றே ஒரு அதிகாரம் வைத்து, அருள் என்கிற குழந்தையைப் பொருள் என்கிற செவிலித்தாய்தான் வளர்க்கிறாள் என்று 757இல் சொல்கிறார். பெற்றவள் அன்பு, பாலூட்டுபவள் பொருள். இந்தக் குறளை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் அந்தச் "செவிலி" என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். பொருளைத் தாய் என்றும் சொல்லவில்லை, வேலைக்காரி என்றும் சொல்லவில்லை.

காளிதாசனுக்கும் இந்தப் பிளவு தெரியும். விக்ரமோர்வசீயம் நாடகம் முடிகிற இடத்தில் அவன் வைக்கும் பிரார்த்தனையே இதுதான்: ஒன்றுக்கொன்று ஆகாத திருமகளும் கலைமகளும் ஒரே இடத்தில் கூடுவது அரிது, அந்தக் கூட்டம் நல்லவர்களுக்கு என்றும் வாய்க்கட்டும். சேராது என்று அவன் கைவிட்டிருந்தால் வேண்டியிருக்க மாட்டான்.

இப்போது கடைவழி ஐயா சொன்னதற்கு வருகிறேன். அந்த மாளவிகாக்னிமித்திர சுலோகத்தில் "கேவல ஜீவிகாயை" என்று இருக்கிறது. கேவலம் என்றால் வடமொழியில் "மட்டும்". பிழைப்புக்கு "மட்டுமே" கல்வி வைத்திருப்பவன்தான் வணிகன். அதைச் சொல்பவர் யார்? கணதாசர். அரண்மனைச் சம்பளத்தில் இருக்கிற நாட்டிய ஆசிரியர்! மாதாமாதம் ஊதியம் வாங்குகிறவர், தன் வித்தையைப் பரீட்சைக்கு வைக்க அஞ்சாதவர், அந்த வித்தையின் மானத்துக்காகப் பேசும்போது வருகிற வரி அது. காசு வாங்கினதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வித்தைக்காக நிற்கவேண்டிய இடத்தில் பிழைப்பு போய்விடுமே என்று ஒதுங்குகிறவனைத்தான் சொல்கிறார்.

மைத்ரேயி கதை நான் உயிராக நினைக்கும் கதை. ஆனால் அது வருகிற பிருஹதாரண்யக உபநிஷத்தில் அதே யாக்ஞவல்க்கியர் செய்த இன்னும் இரண்டு காரியங்களைச் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

ஜனகர் சபையில் ஆயிரம் பசுக்கள் கட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றின் கொம்புகளிலும் பொன். உங்களில் பிரம்மத்தை அதிகம் அறிந்தவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார் அரசர். யாரும் அசையவில்லை. யாக்ஞவல்க்கியர் எழுந்து தன் மாணவன் சாமசிரவஸிடம், "இவற்றை ஓட்டிப் போ அப்பா" என்கிறார். விவாதம் இன்னும் தொடங்கவே இல்லை! நீதான் எங்களில் பெரிய ஞானியோ என்று ஜனகரின் புரோகிதர் அசுவலர் சீறும்போது, பெரிய ஞானிக்கு வணக்கம், எங்களுக்குப் பசுக்கள் வேண்டும் என்கிறார். அப்புறம்தான் கேள்விகள். கார்க்கி உட்பட ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி முடிக்கிறார்.

இன்னொரு நாள் அவர் ஜனகரிடம் வருகிறார். எதற்கு வந்தீர்கள், பசுக்களை விரும்பியா, நுண்ணிய கேள்விகளை விரும்பியா என்று அரசர் கேட்கிறார். அதற்கு அவர் பதில்: "உபயமேவ ஸம்ராட்". இரண்டும்தான், மன்னா.

முப்பது வருஷம் படித்தும் எனக்கு இந்த இரண்டு சொல் அலுக்கவில்லை. அதில் வெட்கமும் இல்லை, பேராசையும் இல்லை. ஏனென்றால் அதற்கு அடுத்து நடப்பதைப் பாருங்கள். அவர் ஒரு பாடம் சொல்கிறார். யானை போன்ற காளையோடு ஆயிரம் பசு தருகிறேன் என்கிறார் ஜனகர். என் தந்தை, முழுக்கச் சொல்லிக்கொடுக்காமல் வாங்கக்கூடாது என்று நினைத்தவர் என்று பதில் வருகிறது. ஆறு தடவை ஜனகர் தருகிறேன் என்கிறார், ஆறு தடவையும் இதே பதில். அவருடைய அளவுகோல் இதுதான். வாங்குவதா வேண்டாமா என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை, சொல்லி முடித்தேனா என்பதில்தான் கண்டிப்பு.

மனுவில் உள்ள தடை உண்மை, நான் மறுக்கவில்லை. பேரம் பேசி வேதத்தை விற்பதை அது தடுக்கிறது. ஆனால் படித்து முடித்தவன் ஆசிரியருக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் அதே மரபுதான். தைத்திரீய உபநிஷத்தில் மாணவனை வீட்டுக்கு அனுப்பும்போது, "ஆசார்யாய ப்ரியம் தனம் ஆஹ்ருத்ய" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆசிரியருக்குப் பிடித்தமான செல்வத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வம்சத்தை அறுக்காமல் வாழ். அதே மூச்சில் "பூத்யை ந ப்ரமதிதவ்யம்", செழிப்பில் அசட்டையாக இருக்காதே.

#5 கடைவழி

அம்மா, அந்த "கேவல" நான் கவனிக்காமல் விட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உபயமேவ என்றவர் கடைசியில் என்ன செய்தார்? எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். அதுதானே முடிவு? பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில் நாரதர் சொல்வது எனக்கு மறக்காது: வயிறு நிறைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஒருவனுடைய உடைமை, அதற்கு மேல் தன்னது என்று நினைப்பவன் திருடன், தண்டனைக்கு உரியவன். இது சந்நியாசிக்குச் சொன்னது இல்லை, இல்லறத்தானுக்குச் சொன்னது. இரண்டும்தான் என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

#6 மொத்தக்கடை

நான் விருதுநகர்ல மல்லி, வத்தல் வியாபாரம் பண்றவன். உபநிஷத்தெல்லாம் வெண்ணாற்றங்கரை அம்மா அளவுக்குத் தெரியாது. வியாபாரின்னாலே ஞானத்துக்கு எதிர்க்கட்சின்னு ஒரு வாசனை இழையில அடிச்சுது, அதான் எழுத வந்தேன்.

மகாபாரதம் சாந்தி பர்வத்துல ஜாஜலின்னு ஒரு தவசி. அசையாம நின்னு தவம் பண்றாரு, அவரு சடையில குருவி கூடு கட்டி முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சுப் பறந்தே போயிருது. தர்மத்தை அடைஞ்சுட்டேன்னு அவரு மார்தட்டினப்ப, காசியில இருக்கிற துலாதாரனுக்கு நீ சமானம் இல்லைன்னு ஆகாயத்துலேருந்து ஒரு குரல். தேடிப் போறாரு. துலாதாரன் கடையில உட்கார்ந்து சரக்கு வித்துக்கிட்டிருக்கான். வாசனைப் பொருள், மருந்துச் சரக்கு, அந்த மாதிரி. எந்திரிச்சு வரவேத்து, நீங்க ஏன் வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்னு சொல்றான். என் தராசு எல்லா உயிருக்கும் சமமா நிக்குது ஜாஜலி, அவ்வளவுதான் என் தர்மம்ங்கிறான். ரிஷி கேட்கிறாரு, கடைக்காரன் சொல்லித்தர்றான். இதை எங்க தாத்தா கல்லாவுல உட்கார வச்சு எனக்குச் சொன்னாரு. அப்ப எனக்கு ஒம்பது வயசு. எடைக்கல்லுல ஒட்டியிருந்த புளியைச் சுரண்டச் சொல்லிட்டு இந்தக் கதையைச் சொன்னாரு.

எங்க ஊர்ல மகமைன்னு உண்டு. மூட்டைக்கு இவ்வளவுன்னு வியாபாரத்துலேருந்து எடுத்து உறவின்முறைப் பொதுவுல, அதாவது எங்க சமூகத்தோட பொதுப் பணத்துல, சேர்த்துருவாங்க. லாபம் வந்தா குடுப்போம்னு இல்ல, விலையிலேயே சேர்ந்து வரும். வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் எடுப்பாங்க. அதுலதான் சத்திரிய வித்தியாசாலை நடந்துச்சு. காமராசர் படிச்ச பள்ளிக்கூடம். தராசுலேருந்து கிளம்பின காசு சிலேட்டுப் பலகையாச்சு. இதுல லட்சுமி எங்க முடியுறா, சரஸ்வதி எங்க தொடங்குறான்னு யாராச்சும் கோடு போட்டுக் காட்டட்டும்.

சரஸ்வதி பூசை அன்னிக்கு எங்க கடையில தராசு, படி, பேரேடு மூணையும் மஞ்சள் குங்குமம் வச்சு அடுக்கிருவோம். அன்னைக்கு ஒரு வரி எழுத மாட்டோம். எங்கிட்ட மல்லி எடுக்க வர்ற குஜராத்திக்காரங்க தீபாவளிக்குக் கணக்குப் புத்தகத்தைத்தான் கும்பிடுறாங்க, அதுக்கு சாரதா பூஜைன்னே பேரு. சாரதான்னா சரஸ்வதிதான். லட்சுமி நாள்ல சாரதாவுக்குப் பூசை!

கடைவழி ஐயா கேட்ட "எங்கே நிறுத்துவது" ரொம்ப நியாயமான கேள்வி. எங்களுக்கு அதுக்குப் பதில் மகமைதான். கை நிறையுறதுக்கு முன்னாடியே அதுலேருந்து வெளிய போயிருது.

#7 நல்லூரான்

நான் யாழ்ப்பாணத்தான். சுருக்கமாச் சொல்லிப்போட்டுப் போறன். எங்கட ஆறுமுக நாவலர் 1848இல மிசன் பள்ளிக்கூடத்து வேலையை விட்டவர், அதே ஆண்டில வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் துவங்கினவர். அவரைத் துறவி மாதிரித்தான் நாங்கள் நினைக்கிறது, கலியாணமும் கட்டேல்ல. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் அச்சுக்கூடத்துக்கும் பொருள் வேணும் எண்டு சனத்திட்ட நேர கேட்டவர். தனக்கெண்டு கேக்கக் கூசினவர், தமிழுக்கும் சைவத்துக்கும் எண்டு கேக்கக் கூசேல்ல. அவர் அச்சில பதிச்சுத் தந்ததாலதான் கன புத்தகம் இண்டைக்கு எங்கட கையில கிடக்கு. அச்சுக்கூடம் காசில்லாமல் ஓடுமோ, சொல்லுங்கோ.

#8 தாளக்காரர் மகள்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அப்பா ஓதுவார். ஒரு சிவன் கோயிலில் நாற்பத்தியோரு வருஷம் பாடினார். ஊர், கோயில் பெயர் சொல்ல விரும்பவில்லை. காலையில் ஐந்தரைக்குக் குளித்துவிட்டுத் திருநீறு ஈரமாக இருக்கும்போதே கிளம்புவார். மடியில் குழித்தாளம், பாட்டுக்குத் தட்டுகிற சின்ன ஜோடித் தாளம், இருக்கும். அதைக் கட்டியிருந்த நூல் நைந்து போய், அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்து முடிந்திருந்தார். சம்பளம் என்று கோயிலில் கொடுத்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டவர்கள் நிறைய. கட்டணம் கேட்டால் பாவம் என்று அவர் நினைத்தார். கேட்காமலே கொடுக்கலாம் என்று வந்தவர்கள் நினைக்கவில்லை.

அவர் கண்ணில் புரை வந்து, திருமுறைப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. பாட்டு எல்லாம் மனப்பாடம், ஆனாலும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வார். ஆபரேஷனுக்கு ஆறு மாசம் தள்ளிப்போனது. அவரிடம் இலவசமாகப் படித்தவர்களில் இரண்டு பேர் அப்போது வசதியாக இருந்தார்கள். அவர்களிடம் கேட்கலாமா என்று அம்மா சொன்னபோது, "சொல்லிக்குடுத்ததுக்கு விலை கேட்ட மாதிரி ஆயிடும்" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அம்மா மாட்டை விற்றார்.

மைத்ரேயியைப் பற்றி எழுதினீர்கள். எனக்குக் காத்யாயனியைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது. மைத்ரேயி பிரம்மத்தைப் பேசுகிறவள், காத்யாயனிக்கு வீட்டுப் பெண்களின் அறிவு மட்டும்தான் என்று அந்தப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. ஆயிரம் பசு வீட்டுக்கு வந்ததே, பால் கறந்தது யார்? சாமசிரவஸுக்கும் மற்ற மாணவர்களுக்கும் சோறு போட்டது யார்? அவர் விட்டுவிட்டுப் போகும்போது விடுவதற்கு ஏதோ இருந்தது என்றால் அது அவள் காத்து வைத்ததால்தான். என் அம்மாதான் எனக்குக் காத்யாயனி. அவர் ஒரு பதிகம் பாடி நான் கேட்டதில்லை. அவர் இல்லாவிட்டால் அப்பா ஒரு பதிகம் பாடியிருக்க முடியாது.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர் பாடிய "மாசில் வீணையும்" இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தேவாரம் படிக்கவில்லை. என் அண்ணன் பையனைப் படிக்க வைக்கலாமே என்று கேட்டால், தாத்தா பட்டது போதும் என்கிறார்கள். ஐயா, நீங்கள் காசு வாங்காமல் இருந்தால் உங்கள் திண்ணையில் இருக்கிற பதினாலு பிள்ளைகளும் ஒன்றைக் கவனிப்பார்கள். இதைப் படித்தவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார், நகை அடகில் இருக்கிறது என்று. அதில் எத்தனை பேர் நாளைக்கு ஓதுவாராக வருவார்கள்?

#9 கடைவழி

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

வாங்காதீர்கள் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். உங்கள் அப்பாவிடம் போனவர்கள் பக்கத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. ஆசிரியர் கேட்கக்கூடாது என்ற விதி, மாணவன் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதியோடு சேர்ந்து இருந்தது. இரண்டாவது போய்விட்டது, முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். கொடுக்க முடியாத பிள்ளை வாசலில் நின்று திரும்பிப் போகக்கூடாது. அதை மட்டும் மிழலைநாடன் ஐயா காப்பாற்றட்டும்.

#10 வெண்ணாற்றங்கரை

எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு பாகவதத்திலேயே இன்னொரு இடம் இருக்கிறது. எட்டாம் ஸ்கந்தம், மகாபலி கதை. பொருளை ஐந்தாகப் பிரி என்கிறார் சுக்ராசாரியார்: அறத்துக்கு, புகழுக்கு, மேலும் பொருள் ஈட்டுவதற்கு, தன் இன்பத்துக்கு, தன் சுற்றத்துக்கு. அப்படிப் பிரிப்பவன் இங்கும் அங்கும் மகிழ்வான். சுக்ரர் இதை எதற்குச் சொன்னார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வாமனனுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே என்று தடுப்பதற்காகச் சொன்னார். பலி கேட்கவில்லை. கொடுத்த வாக்கு பெரிது என்று முழுவதையும் கொடுத்தான். பலி ஆக முடிந்தவர்கள் ஆகட்டும். மற்ற வீட்டுக்காரர்களுக்குச் சுக்ரரின் கணக்கு நல்ல கணக்குதான்.

அப்புறம் தைத்திரீயத்தில் வரிசை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைகளில் ஆவஹந்தீ ஹோமம் என்று செய்கிறார்களே, அந்த மந்திரம். முதலில் மேதை வேண்டும், அறிவு. அப்புறம் துணிமணி, பசு, சோறு, தண்ணீர் எல்லாம் எப்போதும் கொண்டுவரும் திருவை "ததோ மே", அதற்குப் பிறகு எனக்குக் கொண்டுவா என்கிறது. அந்தப் "பிறகு" என்பதற்குச் சங்கரர் உரை எழுதுகிறார்: "அமேதஸோ ஹி ஸ்ரீரனர்த்தாயைவ". அறிவில்லாதவனுக்கு வரும் செல்வம் கேட்டுக்குத்தான். உலகம் பொய் என்று சொன்னதாக நாம் தூக்கி வைத்திருக்கும் சங்கரர், திருவே வேண்டாம் என்று எழுதவில்லை பாருங்கள். எது முன், எது பின் என்று மட்டும் சொல்கிறார். மிழலைநாடன் ஐயாவுக்கு முன்னது பதினோரு வருஷமாக இருக்கிறது.

அவர் மனைவி சொன்ன வீழிமிழலைக் கதையை யாரும் இன்னும் எடுக்கவில்லை. அதை அவரே எழுதினால் நன்றாக இருக்கும்.

#11 மொத்தக்கடை

மிழலைநாடன் அண்ணாச்சி, ஒரே ஒரு யோசனை. வாங்குறதா முடிவு பண்ணிட்டா தொகையை வாய்விட்டுச் சொல்லிருங்க. "உங்க இஷ்டம்"னு விட்டீங்கன்னா வசதி இல்லாதவன் கூசிக்கிட்டு அதிகமாக் குடுப்பான், இருக்கிறவன் கமுக்கமாக் குறைப்பான். நாப்பது வருஷமாப் பார்க்கிறேன். சொன்ன விலை, நின்ன தராசு. முடியாதவனுக்கு விட்டுக்கொடுக்கிறதைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, பத்துப் பேர் முன்னாடி வேணாம்.

#12 மிழலைநாடன்

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு மாசம் ஆகிவிட்டது. மன்னிக்கவும். அறுவடை நேரம், ஆலையில் தலை நிமிர முடியவில்லை.

வீழிமிழலைக் கதை. பஞ்ச காலம். சம்பந்தரும் அப்பரும் அங்கே தங்கி அடியார்களுக்குச் சோறு போட, சிவன் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் தினம் ஒரு காசு வைக்கிறார். அப்பர் மடத்தில் சீக்கிரம் பந்தி போடுகிறார்கள், சம்பந்தர் மடத்தில் நேரமாகிறது. ஏன் என்று கேட்டால், உங்களுக்கு வருகிற காசுக்கு வாசி, அதாவது மாற்றும்போது கழிவு, பிடிக்கிறார்கள், மாற்றுவதற்கு நேரமாகிறது, அப்பர் காசை உடனே வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார்கள் சமையல்காரர்கள். அப்பர் உழவாரப் படையோடு உடம்பால் வேலை செய்கிறவர், அதனால் அவர் காசுக்கு வாசி இல்லை என்று சம்பந்தர் உணர்கிறார். அப்புறம்தான் "வாசி தீரவே காசு நல்குவீர்" பாடுகிறார். முதல் திருமுறை, 92ஆம் பதிகம்.

நூறு தடவை சொல்லிக்கொடுத்த பதிகம். இந்த மாசம்தான் எனக்கு அது புரிந்தது. ஞானசம்பந்தர் காசு வேண்டாம் என்று பாடவில்லை. நல்ல காசாகக் கொடு என்று பாடினார். அந்தக் காசு போனது பந்திக்கு.

துபாய்த் தம்பியைக் கூப்பிட்டேன். வாயில் வார்த்தை வரவே இல்லை, எழுதி வைத்துப் படித்தேன். மாசம் குடும்பத்துக்கு ஆயிரத்து இருநூறு, வாரம் இரண்டு வகுப்பு, ஒரு பதிகம் பிள்ளைக்குத் தாளத்தோடு வராமல் அடுத்தது போகமாட்டேன். முடியாதவர்கள் எனக்கு மட்டும் சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டேன். அவர் "இப்பத்தான்ணே நிம்மதியா இருக்கு" என்றார். திண்ணையில் பதினாலு பேருக்கு எப்போதும் போலத்தான்.

முதல் மாசம் ஒன்பதாயிரத்து அறுநூறு வந்தது. ஆலையில் ஆயிரம் நோட்டு எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, வெண்ணாற்றங்கரை அம்மா சொன்ன ஐந்து பாகத்தை ஐந்து கோடாகப் போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். சங்கிலி எந்தக் கோட்டில் வருகிறது என்று கேட்டாள். சுற்றம் என்று காட்டினேன். இன்பத்துலயும் பாதி எழுதுங்க என்றாள். எழுதினேன்.

அறத்துக்கு ஒதுக்கியதில் திண்ணைப் பிள்ளைகளுக்கு மூன்று ஜோடி குழித்தாளம் வாங்கினேன். தாளக்காரர் மகள் அம்மா, ஒன்றில் நூல் கட்டும்போது உங்கள் அம்மாவின் புடவைக் கரை ஞாபகம் வந்தது.

மீதியை ஒரு கவரில் போட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த ஓதுவார் ஐயாவிடம் கொண்டுபோனேன். எண்பத்து நாலு வயது. என்றைக்கும் வாங்காதவர், திட்டுவார் என்ற பயம். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "காந்தாரபஞ்சமப் பண் சுத்தமா வருதா பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டார். ஒரு பையனுக்கு வருகிறது, மற்றவர்களுக்கு இன்னும் இல்லை என்றேன். "விடாதே" என்றார். அப்புறம் கையை நீட்டினார். கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. மடியில் விரித்திருந்த திருமுறையில், வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் அதை அடையாளமாக வைத்து மூடினார்.

#13 தாளக்காரர் மகள்

அண்ணன் பையனிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ஒன்பது வயது. அவனுக்கு ழகரம் இன்னும் சரியாக வராது. வகுப்பில் சேர்த்துக்கொள்வீர்களா? தொகை நீங்கள் சொன்னபடி. அப்பாவின் தாளம் வீட்டில் இருக்கிறது.

#14 மிழலைநாடன்

தாராளமாக. செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் எட்டு மணி. தாளத்தைப் புளி போட்டுத் துலக்கி, நூலை மட்டும் புதிதாகக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ழகரத்துக்குப் பயப்படவேண்டாம், முதல் பாடமே மிழலைதான்.